சங்கிலிப்பாண்டியும் அறுபத்தெட்டு கிலோ வெல்லமும்

கொச்சி மட்டாஞ்சேரியில் உடம்பு இளைத்தவர்கள் பலர் உண்டு. இளைத்த உடம்பைப் பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் பெயர் சங்கிலிப்பாண்டி. யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகு மண்டியில் எடை போடுகிற வேலை. இந்தச் சாதனைக்காக யாரும் அவருக்குச் சிலை வைக்கவில்லை. வைப்பதாக இருந்தாலும் பழைய உடம்புக்கா புதிய உடம்புக்கா என்று கமிட்டிக்குள் கைகலப்பு ஆகியிருக்கும்.

பழைய உடம்பு தொண்ணூற்றெட்டு கிலோ. அதன் மேல் அவருக்கு எந்தப் புகாரும் இருந்ததில்லை. காலையில் மண்டிக்குப் போகிற வழியில் பரீத்தின் சாயாக்கடை. பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி எண்ணெயிலிருந்து ஏறுகிற நேரமும் சங்கிலிப்பாண்டி கடையில் ஏறுகிற நேரமும் ஒன்றாகவே இருக்கும். யாரும் பேசி வைத்துக்கொண்டதல்ல. பரீத்துக்கு அவர் வாடிக்கையாளர் என்பதைவிட, ஒரு ஜீவனாதாரம் என்று சொல்லலாம்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அவருடைய மனைவி காளியம்மையின் அண்ணன் போய்ச் சேர்ந்தார். அவரும் நல்ல சரீரம். எர்ணாகுளம் போகிற படகில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், படகுத்துறை வந்தும் எழுந்திருக்கவில்லை. டிக்கெட் விரலிடுக்கில் அப்படியே இருந்தது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காளியம்மை திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் தட்டில் மூன்றாவது தோசை இருந்தது. அவள் எழுந்து நேரே தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள்.

துலாபாரம் நேர்ந்துகொள்வது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. பெரிய தராசின் ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் அவர் எடைக்குப் பழமோ வெல்லமோ. சமமானதும் சாமிக்கு ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். எல்லாரும் ஒரு தடவைதான் நேர்ந்துகொள்வார்கள். காளியம்மைக்குத் தாராள மனசு.

"டாக்டர் சொன்ன அறுபத்தெட்டுக்கு இவரு இறங்கட்டும் தாயே. நான் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் அறுபத்தெட்டு கிலோ வெல்லம் இவரை உக்கார வச்சுத் தாறேன்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவளே இன்னொரு வரியும் சேர்த்தாள்: "தட்டு சமமாகாத வருஷம் அண்ணனைக் கூப்பிட்ட மாதிரி நீ இவரையும் கூப்பிட்டுக்கிடுவேன்னு எனக்குத் தெரியும்."

அம்மன் கேட்காத நிபந்தனை இது. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து காளியம்மைக்குப் புருஷனின் உயிர் அந்தத் தராசு முள்ளில் உட்கார்ந்துகொண்டது. இதை அவரிடமும் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து, கடைசித் தோசையை அவள் பக்கமாகத் தள்ளினார்.

இளைத்த கதையில் சொல்ல ஒன்றுமில்லை. இளைப்பது சுலபம். ஊர் முழுக்கக் கூட நிற்கும். சாயங்காலம் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை வரை நடந்து திரும்பினார். இரவுச் சோறு போய்க் கோதுமை வந்தது. சாயாவில் பாலும் சீனியும் போய்க் கறுப்புத் தண்ணீர் வந்தது. பரீத் மனமுடைந்தாலும் தொழில் தெரிந்தவன். அந்தக் கறுப்புத் தண்ணீருக்குப் 'பாண்டி' என்று பேர் வைத்தான். "ரெண்டு சாயா, ஒரு பாண்டி!" என்று கடையில் குரல் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் தெருவில் யாராவது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தொண்ணூற்றாறாம் வருஷத் திருவிழாவில் முதல் துலாபாரம். தட்டு சமமாக நின்றதும் குலவை போட்டார்கள். கோயில் செயலாளர் பாலையா, கார்ப்பரேஷனில் இருந்து ரிட்டயரானவர், அங்கிருந்து கொண்டுவந்த குரலில் ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

அதற்கப்புறம்தான் கஷ்டகாலம். இளைத்துக்கொண்டிருக்கிறவனை ஊர் விசாரிக்கும். இளைத்து முடித்தவனை என்னவென்று விசாரிப்பது? "எப்படி இருக்கீங்க?" "அப்படியேதான்." பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அப்படியே இருப்பதற்காக அவர் தினமும் நடந்தார், தினமும் மறுத்தார், தினமும் காலையில் முதல் சாக்குக்கு முன்னால் மண்டி எடைமேடையில் தானே ஏறி நின்றார். வருஷத்தில் ஒரு நாள் தட்டில் உட்கார்ந்தார். அந்த வெல்லமெல்லாம் பாயசமாகித் தெருவுக்கு விநியோகமாகும். அவருக்குக் கிடையாது. அவர் இறக்கிய முப்பது கிலோ எங்கும் தொலைந்துவிடவில்லை. வருஷா வருஷம் பாயசம் குடித்த பாலையாவின் இடுப்பிலும் மற்றவர்கள் இடுப்பிலுமாக அதே தெருவில் பத்திரமாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு வருஷம் ஆசை இருந்தது. பழம்பொரி வாசனைக்குக் கால் தானாகத் திரும்பும். பிறகு கால் திரும்புவது நின்றது. பிறகு வாசனையும் நின்றது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. பசி வரும். தபால்காரர் வந்து பக்கத்து வீட்டில் கடிதம் கொடுப்பதைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வருத்தமா என்றால் அதுவும் இல்லை. கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு எழுந்திருப்பார். "என்ன மனக்கட்டுப்பாடு!" என்பார்கள். கட்டிப்போட உள்ளே ஏதாவது இருந்தால்தானே?

இரண்டாயிரத்து ஐந்தில் மிளகு மண்டி பழம்பொருள் கடையாக மாறியது. சாக்குகள் போய் மரக்குதிரைகளும் பித்தளை அண்டாக்களும் வந்தன. எடைமேடையையும் அவரையும் முதலாளி விற்கவில்லை. வெள்ளைக்காரர்கள் அவரை மேடையில் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு குளிர்தேசத்து வரவேற்பறையில் அறுபத்தெட்டு கிலோவாக அவர் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாயிரத்து ஏழில், திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது மேடை எழுபது காட்டியது.

இறங்கி மறுபடி ஏறினார். எழுபதுதான். தின்றது எதுவும் மாறவில்லை, நடை குறையவில்லை. சாக்குகளை இழுத்துப் போடுகிற வேலை போனதாக இருக்கலாம், வயதாக இருக்கலாம். அவருக்குப் பயம் வரவில்லை. காளியம்மை முகம்தான் ஞாபகம் வந்தது. தட்டு எழாவிட்டால் அவள் அங்கேயே தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அன்று மத்தியானம் அவள் கட்டிக்கொடுத்த சப்பாத்தியைத் தெருவில் திரிகிற ஆடு ஒன்றுக்குப் போட்டார். மறுநாளும், அதற்கு மறுநாளும். காலையிலும் ராத்திரியிலும் "வயிறு சரியில்லை" என்று தட்டை நகர்த்தினார். அந்த வாரம் அந்த ஆடு சற்றுப் பூசினாற்போல் தெரிந்தது.

"என்ன பாண்டியண்ணே, பாண்டியும் வேண்டாமா?" என்றான் பரீத்.

"மதி, போதும்."

"குடிக்காமலே மதியா? நீங்க இனி காத்தைத்தான் அளந்து குடிக்கணும்."

திருவிழாக் காலை மேடையில் ஏறினார். அறுபத்தெட்டு. நேரே கோயிலுக்குப் போனார்.

கூட்டம் அதிகமில்லை, பதினோரு வருஷமாகப் பார்த்த கூத்து. காளியம்மை வெல்லத்தைத் தட்டில் ஏற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். இவர் எதிர்த் தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பாலையா கயிற்றை விட்டார். வெல்லத் தட்டு தொம்மென்று தரையில் இறங்கியது. சங்கிலிப்பாண்டி மேலே போனார். போய் அங்கேயே தொங்கினார்.

"அடேங்கப்பா! இன்னும் இளைச்சிட்டாரே!" என்று யாரோ கைதட்டினார்கள்.

காளியம்மை தட்டவில்லை. "சமமாகலையே" என்றாள். "வெல்லத்தைக் கொஞ்சம் எடுத்துருங்க அண்ணாச்சி."

"தட்டில ஏறினது அம்மனுக்குச் சொந்தம்" என்றார் பாலையா. "எடுக்கப்படாது. சட்டம் சட்டம்தான்."

"அப்ப இவரு மடியில ஒரு கல்லை வைங்க."

"மனுஷன் தட்டில மனுஷன் மட்டும்தான். கல்லு வச்சா அது கல்லுக்குத் துலாபாரம்."

வெளியே வாசலில் நின்ற பரீத்துக்குத்தான் முதலில் விளங்கியது. "அப்ப மனுஷனை ஏத்துங்க! தின்னக் கொடுங்க! வேணும்னா சூடா பழம்பொரி இருக்கு!"

பாலையா யோசித்தார். அவருக்குத் தெரிந்த எந்த விதியிலும் இதற்குத் தடை இல்லை. ஆக, தட்டை ஆள் பிடித்து இறக்கி நிறுத்தினார்கள். மடப்பள்ளியிலிருந்து, நைவேத்தியத்துக்குக் காய்ச்சி வைத்திருந்த பாயசம் வாளியோடு வந்தது. முதலில் ஒரு இளநீர், பிறகு பாயசம். காளியம்மையே கிண்ணம் கிண்ணமாக வாயில் ஊற்றினாள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பாலையா கயிற்றை விட்டுப் பார்த்து, "போதாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

நாலாவது கிண்ணத்தில் காளியம்மை அவர் காதோரம் குனிந்தாள். "உங்க அரைஞாண் கயித்து முடிச்சு தள்ளிப் போட்டிருந்ததைப் பார்த்தேன். கூடிட்டுதுன்னு தெரிஞ்சுது. அதான் ரெண்டு கிலோ கூடப் போட்டேன். நீங்க ஏன் சொல்லலை?"

"நீ பயப்படுவேன்னு மூணு நாளா தின்னலை."

"பாவி மனுஷா."

"ஊத்து."

ஊற்றினாள். அவர் விழுங்கினார். பதினோரு வருஷமாகத் தெருவே சப்புக்கொட்டிக் குடித்த பாயசம். கூட்டம் அவர் முகத்தையே பார்த்தது. ஏதாவது நடக்கும், கண் கலங்கும், ஒரு 'ஆஹா'வாவது வரும் என்று நின்றார்கள். சாக்கில் மிளகு விழுவதுபோல உள்ளே போய்க்கொண்டிருந்தது. வயிறு நிறைவது தெரிந்தது. தட்டு மெல்ல இறங்குவதும் தெரிந்தது.

முள் நடுவில் வந்து நின்றது. பாலையா கையை உயர்த்தினார். குலவை கேட்டது. காளியம்மை தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்த வருஷம் தப்பியது. பிறகு, இத்தனை வருஷமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"எப்படி இருக்கு பாயசம்?"

அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"சூடா இருக்கு."

"இனிப்பு?"

அவர் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார். காளியம்மை கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"வெல்லம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள்.

"இருக்கும்" என்றார் சங்கிலிப்பாண்டி. யாராவது கை கொடுத்து இறக்கிவிடுவார்கள் என்று தட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.