செத்த வீட்டுக்கு வந்த சோறு

பிரெஞ்சு பேசும் இந்தப் பனி நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் கட்டடத்தில் ஒரு காலத்தில் மாடிக்கு மாடி எங்கள் ஆட்கள்தான். ஒரு வீட்டில் சாவு என்றால் காரியம் முடியும்வரை அங்கே அடுப்பு மூட்டுவதில்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் அயலிலிருந்து போகும். எத்தனையோ வீடுகளுக்கு நான் சமைத்துக் கொடுத்தேன். என் கைச்சோற்றை ஒருவரும் குறை சொன்னதில்லை.

பிள்ளைகள் படித்து வேலைக்குப் போக, ஒவ்வொரு குடும்பமாகப் பாலத்துக்கு அப்பால் லவாலில் வீடு வாங்கிப் போய்விட்டது. என் மகன் இன்னும் தள்ளி இல்-பிசாரில் வாங்கினான். நானும் என் மனுசனும் அசையவில்லை. நினைத்தவுடன் பஸ் ஏற முடியாத ஊரில் எனக்கு என்ன வேலை? வெறுமையான வீடுகளுக்கு மாணவர்களும் வேறு நாட்டுச் சனமும் வந்தார்கள். காலையில் எல்லோரும் மெட்ரோவுக்கு ஓடுவார்கள். லிஃப்டில் கண்டால் ஒரு பொன்ஜூர், அவ்வளவுதான்.

இந்த மாசியில் அவர் ஆஸ்பத்திரியில் கண்மூடிவிட்டார். மறுநாள் மத்தியானம் நானும் மகனும் மட்டும் இருந்தோம்.

"ஏதாவது சமைக்கட்டே அம்மா?"

"செத்த வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது."

"இது கரண்ட் அடுப்பு. மூட்டுறதுக்கு இதிலை என்ன கிடக்கு?"

"எதெண்டாலும் அடுப்புத்தான்."

"அப்ப கடையிலை எடுப்பம்."

"வேண்டாம். அயலிலை இருந்து வரோணும்."

"ஆர் அம்மா இப்ப அயல்? மாமியவை இந்தக் கொட்டுற சினோவுக்கை பாலத்திலை நிக்கினம். கார் அசையுதில்லையாம்."

தெரியாமலா சொன்னேன்? கடைச்சோற்றைத் தின்றால், அவர் அயல் இல்லாத மனுசனாகச் செத்தார் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடிப் பிலிப்பைன்ஸ் பெண். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள். துவாயால் சுற்றிய சட்டி ஒன்றை நீட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

"இண்டைக்கு உங்களுக்குச் சமைக்க மனம் வராதெண்டு கொண்டு வந்தவவாம்," என்றான் மகன்.

மெர்சி சொல்லி வாங்கினேன். அவள் போனபின் திறந்தால் வெள்ளைச் சோறு, அதன்மேல் பொரித்த மீன்.

"அம்மா, மீன்."

"எனக்குக் கண் தெரியுது."

"முப்பத்தொண்டாம் நாள் முடியாமல் மீன் மச்சம் தொடக்கூடாதெண்டு நீங்கள்தானே..."

"வாயை மூடிக்கொண்டு சோத்துக் கோப்பையை எடு."

மீனை ஒதுக்கிவிட்டு அடிச்சோற்றை அள்ளி அவனுக்கும் போட்டேன், எனக்கும் போட்டேன். எல்லாச் சோற்றிலும் மீன் மணந்தது. விழுங்கினேன். ஆஸ்பத்திரியிலும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

பொழுதுபடும் நேரம் அவருடைய தங்கச்சி இடியப்பத்தோடு வந்து சேர்ந்தாள்.

"ஐயோ மச்சாள், இவ்வளவு நேரமும் பசியோடையே இருக்கிறியள்?"

"இல்லை. மத்தியானம் அயலிலை இருந்து சோறு வந்தது."

"இஞ்சை இப்ப எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"மூண்டாம் மாடியிலை ஒருத்தி இருக்கிறா," என்றேன். மீனைப் பற்றி மகனும் வாய் திறக்கவில்லை.