எட்டாம் ஃப்ரேமுக்கு எவர்சில்வர் குடம்

எட்டாம் நம்பர் ரிங் ஃப்ரேமுக்கு எவர்சில்வர் குடம் பரிசு என்று மில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் மில்லில் எட்டாம் நம்பர் ரிங் ஃப்ரேமே கிடையாது.

ஷிப்டுக்கு வந்தவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. பதினான்காம் ஃப்ரேமின் நூல்தான் படுமோசம், அதன் சைடர் மரகதம் திங்கள்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று இருந்தது. சைடர் என்றால் நூல் நூற்கும் அந்த ஃப்ரேம் மெஷின் ஓரமாக நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டுகிறவர். மரகதம் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தொண்ணூறுகளில் கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லின் குவாலிட்டி கன்ட்ரோலில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். புள்ளியியல் படித்த பெண் என்று வேலைக்கு எடுத்து, டைப் அடிக்க வைத்திருந்தார்கள். நூல் எவ்வளவு சீராக இருக்கிறது என்று லேபில் அளப்பார்கள். மெஷின்கள் நிற்கும் வரிசையிலேயே இருபது ரீடிங் வரும். ஃபைலில் ஃப்ரேம் நம்பர் இருக்காது, ரீடிங் மட்டும்தான். எது எந்த ஃப்ரேம் என்று புரோகிராமில் நான் வேரியபிள் பெயராக அடிப்பேன். FR1, FR2 என்று FR7 வரை, அடுத்தது FR9. முதலாளிக்கு எட்டு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அதனால் ஏழுக்கு அடுத்த மெஷின் மேல் ஒன்பது என்று பெயின்ட் அடித்திருந்தார்கள். மெஷின் இருபது, கடைசி மெஷினின் நம்பர் இருபத்தொன்று.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தார். மெஷின்கள் ஓடும் ஷெட்டுக்குள் ஒருமுறையும் கால் வைக்கவில்லை. பஞ்சு ஒட்டுமாம்.

"என்ன மேடம், ஒவ்வொரு பேரா அடிச்சிட்டிருக்கீங்க? ஒரு லூப் போட்டா FR1லேருந்து FR20 வரைக்கும் அதுவே வரிசையா உண்டாக்கிடும்."

உண்டாக்கியது. கம்ப்யூட்டர் மேல் தப்பு இல்லை, ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொன்னால் எண்ணும். எட்டாவது ரீடிங்குக்கு FR8 என்று பெயர் விழுந்தது. அது ஒன்பதாம் ஃப்ரேமின் ரீடிங். அங்கிருந்து கடைசி வரை எல்லாப் பெயரும் ஒன்று முன்னால் நகர்ந்துவிட்டது; பதினைந்தாம் ஃப்ரேமின் ரீடிங் FR14 ஆனது. ரிப்போர்ட்டை என்னிடம் காட்டாமல் கன்சல்டன்ட் நேரே மேனேஜர் மேஜைக்குக் கொண்டுபோனார். நான் பார்த்தது நோட்டீஸ் போர்டில்தான்.

மேனேஜர் அறைக்குப் போனேன்.

"அம்மணி, அத்தன ரீடிங்கையும் பாத்துப்போட்டுக் கம்ப்யூட்டர் சொல்லுது. அதுக்கு மேல நீங்க என்னத்தச் சொல்ல வாரீங்க?"

"கொடத்த யாருகிட்டங்க சார் குடுப்பீங்க?"

"எட்டாம் ஃப்ரேம் சைடர்கிட்டத்தான்."

"கூப்புடுங்க, பாக்கலாம்."

போனை எடுத்து ஷெட்டுக்குப் பேசினார். "ஏப்பா, எட்டாம் ஃப்ரேமுல யாரு?" அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது. மனுஷன் போனை வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"செரி, ஒரு நம்பர் முன்னப்பின்ன ஆகிப்போச்சு. அப்பப் பதினஞ்சுல யாரோ அந்தப் பொண்ணு பேரப் போட்டு அடிச்சுப்போடுங்க. தீந்துது."

தீர்ந்ததாம். ஒரு பெண்ணின் சோற்றிலிருந்து கையை எடுத்து இன்னொரு பெண்ணின் சோற்றில் வைப்பது அவருக்குத் திருத்தம். அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் முதலாளியிடம் போனேன். அவர் பதறியது வேறு காரணத்துக்கு.

"ஏனுங்க, எட்டு எப்படீங்க நம்ம மில்லுக்குள்ள வந்துச்சு?"

"கம்ப்யூட்டர் வழியாங்க. அது கெடக்குது, பதினஞ்சாம் ஃப்ரேமப் பாருங்க மொதல்ல."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். மேனேஜரும் பின்னால் வந்தார். முதலாளி பதினைந்தை நிறுத்தச் சொல்லி, பஞ்சை இழுக்கும் ரோலரின் ரப்பரைக் கட்டை விரலால் அழுத்தினார்.

"ரப்பரு கல்லாட்டம் கெடக்குது. மாத்தச் சொன்னனே, என்னாச்சுங்க?"

"அடுத்த பர்ச்சேஸ்ல சேத்துப்போடலாம்னு இருந்தனுங்க," என்றார் மேனேஜர்.

எந்த சைடர் நின்றிருந்தாலும் அந்த ரோலரில் அந்த நூல்தான் வரும். நோட்டீஸைக் கிழித்தார்கள். மரகதத்திடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்குத்தான் எலுமிச்சம்பழம் அறுத்துச் சூடம் காட்டினார்கள். எட்டைத் தாண்டிப் போகும்படி லூப்பில் ஒரு வரி சேர்த்தேன். அதையும் பரிகாரத்தில் ஒன்று என்றே முதலாளி கடைசி வரை நம்பினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். லூப் போடுங்கள், கையால் அடித்துச் சாக வேண்டாம். ஆனால் அது வைக்கிற பெயருக்கு ஒரு மெஷின் தரையில் நிற்கிறதா என்று போய்ப் பாருங்கள். பஞ்சு ஒட்டினால் தட்டிவிட்டுக்கொள்ளலாம்.

திங்கள்கிழமை மரகதம் வேலைக்கு வந்தாள். லேப் வாசலில் என்னைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க, இல்லாத ஃப்ரேமுக்குக் கொடம், நாளெல்லாம் நிக்கற எனக்கு வெளிய போற வாசலுங்களா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பதினான்கில் இழை அறுந்திருந்தது, ஒட்டப் போய்விட்டாள்.