கைபடாமல் நடத்தும் புருல்சா

வேலை எங்காவது முட்டிக்கொண்டு நின்றால், குதிரையின் பின்பக்கம் தட்டுவதுபோல் புருல்சா கணினித் திரையின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். மலையடிவார ஓஷ் நகரத்துச் செர்ரிக் கிடங்கில் எடை, ரசீது, விடுப்பு, லாரி எல்லாமே அவள் திரையில் வரைந்த கட்டங்களிலும் அம்புக்குறிகளிலும்தான் ஓடுகின்றன. கிளவுடில், அதாவது எந்த ஊரிலோ யாருடைய கணினியிலோ. ரசீது ஓடும் வழிக்குப் பெயர் 'செவலை'. மேலாளர் கைக்குப் போய் நின்றுவிடும் விடுப்பு விண்ணப்பத்துக்கு 'நொண்டி'.

"கைபடாம நடக்கும்" என்று சொல்லித்தான் எந்தப் பேச்சையும் முடிப்பாள். மாமியார் வீட்டில் மாவு பிசையும்போதுகூட அதையேதான் சொல்வாள்.

ஒரே ஒரு கட்டத்தில்தான் கை பட்டுக்கொண்டிருந்தது. கிடங்கிலேயே மூத்தவரான எடைமேடைத் தாபால்டி அந்த ஊர் வழக்கப்படி உள்ளங்கைகளை ஏந்தி, ஆசி சொல்லி, முகத்தைத் தடவிக்கொள்ளாமல் எந்த லாரியும் கணவாய் ஏறாது. அவரோ தேநீர்க் கிண்ணத்தை விட்டு லேசில் எழுந்திருக்கிறவர் அல்ல. போன பனிக்காலத்தில் அவர் ஆசியைப் பதிவு செய்து வைத்திருந்தாள் புருல்சா. இந்த ஜூனில், முதலாளிகள் பார்வையிட வந்த அன்று, அதையும் கட்டங்களோடு கோத்துவிட்டாள். சரக்கு ஏறியதும் ஆசி ஓட்டுநரின் போனுக்குத் தானாகவே போய்விடும்.

போயிற்று. அன்றைய ஐந்து லாரிகளும் 'புறப்பட்டது' என்று திரையில் பச்சை காட்டின. முதலாளிகள் கைதட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஐந்தும் அசையாமல் நின்றன.

வெயிலில் செர்ரி வியர்க்கத் தொடங்கியிருந்தது. இன்னும் தாமதித்தால் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போய்ச் சேருவது ஜாம்தான், புருல்சாவின் பேரும் அதோடு சேர்ந்து குழையும். இறங்கி ஓடினாள். ஓட்டுநர் எசென்பெக் போனை நீட்டினான். 'பனி உன் சக்கரத்தைப் பிடிக்காதிருக்கட்டும்' என்றது அது.

"இந்த வெயில்லயா அக்கா? மனுசன் அந்தா உக்காந்திருக்காரு. உசிரோட இருக்கிறவர்கிட்ட பழைய ஆசிய வாங்கிட்டுப் போனேன்னு வீட்ல சொல்ல முடியுமா?"

புருல்சா போய்க் கூப்பிட்டதும் தாபால்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னை ஏன் கேக்குற? போனுக்குள்ள ஒருத்தன் இருக்கான்ல, அவனைக் கேளு."

"அவனுக்குத் தடவிக்க மூஞ்சி இல்லையே தாத்தா. வாங்க."

கிழவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே கைகளை ஏந்தினார். லாரிகள் ஹாரன் அடித்துத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. மாடி ஜன்னலில் முதலாளிகளும் முகத்தைத் தடவிக்கொள்வது தெரிந்தது.

மேலே வந்ததும் புருல்சா அந்தக் கட்டத்தைத் திருத்தினாள்: 'தாத்தா எழுந்து வரும்வரை காத்திரு.' சேமிக்கப் போன விரல் அப்படியே நின்றது. இரண்டு உள்ளங்கைகளையும் திரைக்கு முன்னால் ஏந்தி, முகத்தைத் தடவிக்கொண்டு, அதன்பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.