ஞாயிற்றுக்கிழமை இலாபம்

நான் மண்டைதீவில் இருக்கிறேன். கணவர் கடற்றொழிலாளி. பொருட்களின் வருங்கால விலையை வைத்து அன்றன்றே வாங்கி விற்கும் ‘பியூச்சர்ஸ்’ வியாபாரத்தை, ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் இலவசமாகச் சொல்லித்தந்தார். முழு வகுப்புக்குக் கட்டணம் பெரிது. “நாளைக்குள் கட்டாவிட்டால் இடமில்லை” என்றார். படகுக்குப் புது எஞ்சின் வாங்க வைத்திருந்த பணத்தைக் கட்டிவிடத் துடித்தேன்.

அவர் நாளாந்தம் உழைத்த இலாபம் என்று திகதி போட்டு அனுப்பிய படங்களைக் கணவரிடம் காட்டினேன். வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டே பார்த்தார்.

“ஞாயிற்றுக்கிழமையும் உழைச்சிருக்கிறார். இவர் பூசைக்குப் போறேல்லையோ?”

எங்கள் பக்கத்தில் ஞாயிறு தேவாலயப் பூசை நாள்; யாரும் தொழிலுக்குப் போவதில்லை.

“உங்களுக்கு எல்லாம் பகிடியும் விளையாட்டும்தான்” என்று சினந்தேன். பிறகுதான் உறைத்தது. சனி, ஞாயிறு அந்தச் சந்தை பூட்டு என்று இலவச வகுப்பில் சொன்னவரே அவர்தான்!

குழுவிலேயே கேட்டேன்: “சேர், பூட்டின சந்தையில எப்பிடி உழைச்சனீங்கள்?”

சற்று நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

அவசரப்பட்டுக் கட்டியிருந்தால்? எஞ்சின் பணம் போயிருக்கும். இப்போதெல்லாம் யார் இலாபம் காட்டினாலும் தொகைக்கு முன் திகதியைப் பார்க்கிறேன். கணவரிடமும் காட்டுகிறேன். அவர் பகிடி விட்டால் சினப்பதில்லை.

புது எஞ்சின் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதற்கும் ஓய்வு. பூசைக்குப் போகும்போது கரையில் அந்தப் படகைக் கண்டால், ஆண்டவருக்கும் அந்தப் பகிடிக்கும் சேர்த்தே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

— ஒரு வாசகி, மண்டைதீவு