ஈரச்சாக்கு போர்த்திய கம்ப்யூட்டர்

2007-ஆம் வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். அப்போது நாங்கள் சாத்தூரில் குடியிருந்தோம். நான் தினமும் பஸ் பிடித்து சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்துக்கு வேலைக்குப் போய்வருவேன். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள், காலண்டர் அட்டை இதையெல்லாம் கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணுவது என் வேலை. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படித்தது என்னவோ பி.காம். ஆனால் எதையும் கழற்றிப் பார்க்கிற புத்தி பிறவியிலேயே வந்தது. வீட்டில் ரேடியோவில் ஆரம்பித்து மிக்ஸி வரைக்கும் நான் திறந்து பார்க்காத பொருள் கிடையாது. திரும்பப் பூட்டும்போது ஒன்றிரண்டு ஸ்க்ரூ மிஞ்சும், அது வேறு விஷயம்.

அந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு அண்ணனுக்குத் தீக்காயம் பட்டது. பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தான். வெடிமருந்தை எங்கள் பக்கம் வெறுமனே மருந்து என்றுதான் சொல்வோம். மருந்து அறைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். அதற்கு மேல் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெம்பில்லை. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது இரண்டு கையிலும் விரல் தெரியாமல் கட்டு. தொடையிலும் புண். கட்டிலில் காலை நீட்டித்தான் கிடக்க வேண்டும், எழுந்து நிற்க ஆள் பிடிக்க வேண்டும். அம்மாவும் வருஷக்கணக்காகப் பட்டாசு வேலை பார்த்தவள்தான். மகனைப் பார்த்துக்கொள்வதற்காக அதை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். அப்பா நாங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே தவறிவிட்டார். ஆக, வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அண்ணன் முன்பெல்லாம் சரியான வாயாடி. பாட்டு என்றால் உயிர். சைக்கிளில் வரும்போதே தெருமுனையில் அவன் குரல் கேட்கும். அப்படிப்பட்டவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு பேச்சையே மறந்தவன் மாதிரி ஆகிவிட்டான். டிவி ஓடிக்கொண்டே இருக்கும். விரலெல்லாம் கட்டுக்குள் இருக்க, ரிமோட்டை எதை வைத்து அமுக்க? யாராவது வைத்த சேனலையே நாள் பூராவும் பார்த்துக்கொண்டு கிடப்பான். ஆரம்பத்தில் என்னிடம் "பாப்பா, கொஞ்சம் மாத்தேன்" என்று கேட்டான். அப்புறம் அதையும் கேட்பதில்லை. "வேற எதுவும் வைக்கட்டுமாண்ணே?" என்று நாமாகக் கேட்டால், "எதுன்னாலும் சரி" என்பான். சாப்பாட்டுக்கும் அதே பதில்தான். இட்லியா தோசையா என்றால், எதுன்னாலும் சரி.

அந்த நேரத்தில்தான் அச்சகத்து முதலாளி அண்ணாச்சி கண்ணில் நான் பட்டேன். குடோனில் காலண்டர் கட்டுகளுக்கு நடுவில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. அவர் சிங்கப்பூர் போனபோது ஆசைப்பட்டு வாங்கி வந்தது. டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் படமும் பாட்டும் பார்க்கிற குட்டிக் கம்ப்யூட்டர். பேர்போன் என்று அதற்குப் பெயர், வெறும் எலும்புக்கூடு என்று அர்த்தம். வெளிக்கூடும் போர்டும் பவர் சப்ளையும்தான் அதில் இருக்கும். பிராசசர், மெமரி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் நாமே வாங்கிப் பூட்ட வேண்டும். அது தெரியாமல் வாங்கி வந்து, கரண்டைக் கொடுத்துப் பார்த்து, ஒன்றும் வரவில்லையே என்று மூலையில் போட்டுவிட்டார். நான் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைக் கவனித்தவர், "என்னம்மா, அதுல உயிர் இருக்கா?" என்றார். அண்ணனுக்காகத்தான் பார்க்கிறேன் என்று சொன்னேன். "அப்ப எடுத்துட்டுப் போம்மா. பழைய மெஷின்ல கழட்டுன சாமான் கெடக்குல, அதையும் எடுத்துக்க. தம்பி கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரெண்டு செங்கல் அகலம்தான் இருக்கும் அந்தப் பெட்டி. உள்ளே கையை விட்டால் வெளியே எடுக்க முடியாது. மெமரியைச் சரியாக அழுத்தாமல் விட்டதில் கீ கீ என்று கத்தித் தீர்த்தது. அதைச் சரி பண்ணினால், டிவியில் படம் கறுப்பு வெள்ளையாக வந்து மேலே மேலே உருண்டது. அம்மா பார்த்துவிட்டு, "பழைய படம் போல. நல்லாத்தான் இருக்கு, விடு" என்றாள். எனக்கோ மண்டை காய்ந்துபோனது. கடைசியில் பார்த்தால், வெளிநாட்டு டிவி முறைக்கு செட்டிங் வைத்திருக்கிறார்கள். அதை நம்மூர் முறைக்கு மாற்றினேன். பளீரென்று கலர் வந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "என்ன, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். ஒரு வீட்டில் தீக்காயக்காரன் இருந்தால் அப்படித்தான். சந்தோஷமாகக்கூட சத்தம் போட முடியாது.

மவுஸைக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகை வைத்து டேப் போட்டு ஒட்டினேன். கால் கட்டைவிரலால் இடது பக்கம் அமுக்கினால் அடுத்த பாட்டு. வலது பக்கம் அமுக்கினால் நிற்கும். நடுவில் இருக்கிற சக்கரத்தை உருட்டினால் சத்தம் கூடும், குறையும். "அமுக்கிப் பாருண்ணே" என்றேன். அமுக்கினான். பாட்டு மாறியது. மறுபடி அமுக்கினான். ஒரு பாட்டையும் முழுசாகக் கேட்கவில்லை, மாற்றிக்கொண்டே இருந்தான். நடுவில் ஒரு பாட்டு வந்ததும், "சீ, இதெல்லாம் யாரு கேப்பா" என்று மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு தள்ளிவிட்டான். எதுன்னாலும் சரி என்றவன், இது எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்! நான் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. வேலை விட்டு வந்தால் "அந்தப் பாட்டு கெடைக்குமா, இந்தப் படத்துக் காமெடி கெடைக்குமா" என்று கேட்க ஆரம்பித்தான். சேக்காளிகளிடம் சி.டி. கடன் வாங்கி ஏற்றிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் சனியன் பிடித்தது. காலையில் நன்றாக ஓடுகிற பெட்டி, மத்தியானம் நான் இல்லாத நேரத்தில் தானாக அணைந்துவிடும். சாயங்காலம் வந்து நான் போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். வோல்டேஜ் என்று நினைத்து ஸ்டெபிலைசர் வைத்தேன். மெமரியை மாற்றினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். பெட்டியை அச்சகத்துக்கே தூக்கிப்போய் நாள் முழுக்க ஓடவிட்டேன். நின்றாலல்லவா! சமர்த்துப் பிள்ளையாக ஓடியது. அங்கே எங்கள் கம்ப்யூட்டர் ரூமில் ஏ.சி. உண்டு. அப்படியானால் வீட்டில் சூடு தாங்கவில்லை என்று, திறந்து ஃபேனைத் துடைத்தேன். அதில் சணல் நார் சிக்கியிருந்தது. குடோனில் கிடந்தபோது ஒட்டியிருக்கும் என்று ஊதிவிட்டுப் பூட்டிவிட்டேன். மறுநாளும் மத்தியானம் அணைந்தது.

"விடு பாப்பா" என்றான் அண்ணன். "எனக்கு அதெல்லாம் ஒட்டாது. டிவியே போதும்."

"என்ன சேனல் வைக்க?"

"எதுன்னாலும் சரி."

போயே போச்சு. அத்தனை பாடும் பட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றோம். பெட்டியைத் தூக்கித் தெருவில் எறியலாமா என்றிருந்தது எனக்கு.

ஒருநாள் அச்சகத்தில் அச்சடிக்கிற பிளேட் வந்து சேரவில்லை, மெஷின் நின்றுவிட்டது. மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பி வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தால், அண்ணன் மாத்திரை போட்டுக் கண்ணை மூடிக் கிடக்கிறான். பெட்டி சன்னமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அம்மா அதன் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். புறங்கையால் பெட்டியின் தலையைத் தொட்டாள், வெடுக்கென்று கையை இழுத்தாள். வாளியிலிருந்து ஒரு சணல் சாக்கை எடுத்து முறுக்கிப் பிழிந்து, நாலாக மடித்து, காய்ச்சல்காரப் பிள்ளை நெற்றியில் ஈரத்துணி போடுவது மாதிரி பெட்டியின் மேல் போர்த்தினாள். ஓரத்தையெல்லாம் சுற்றிச் செருகினாள். காற்றுப் போகிற ஓட்டை அத்தனையும் அடைபட்டது.

"அம்மா, கைய எடு!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏத்தா, எதுக்கு இப்படிக் கத்துற? அவன் ஒறங்குறான்ல" என்றாள் அம்மா. கொஞ்சமும் பதறவில்லை. "சூடு ஏறிப் போய்க் கெடக்கு. தெனமும் வெயிலு ஏறுனா இப்படித்தான் கொதிக்கும். சாக்கு போட்டா செத்த நேரத்துல அதுவா அடங்கிரும்."

பட்டாசு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் ஏறினால் அறை வாசலில் தண்ணீர் தெளிப்பார்கள், ஈரச்சாக்கு விரிப்பார்கள். எதிலும் சூடு தட்டிவிடக் கூடாது. அம்மாவுக்கு அது மூச்சு விடுகிற மாதிரிப் பழகிய வேலை. பெட்டி மூச்சுமுட்டி அணைந்துபோனதை, சூடு அடங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நான் வருவதற்குள் சாக்கை எடுத்துக் காயப்போட்டுவிடுவாள், அதனால் அது என் கண்ணில் படவேயில்லை. நான் பழுது என்று தேடியலைந்த அதேதான் அவளுக்கு நிம்மதி.

"கரண்டு சாமான்ல ஈரத்தப் போடலாமாம்மா? ஷாக் அடிச்சிருந்தா?"

"அடிக்கும். லேசா சுருக்குன்னு இழுக்கும். அதுக்கென்ன பண்ண?"

"அடிக்கும்னு தெரிஞ்சுமா தெனமும் தொட்ட?"

அப்போதுதான் அம்மாவுக்குக் கோபம் வந்தது. "நீ பாட்டுக்கு வாங்கி வச்சிட்டு கம்பெனிக்குப் போயிருவ. அவன் இங்கன படுத்தபடிக்கு கெடக்கான். அது வெடிச்சா எம்புள்ளையால எந்திரிச்சு ஓட முடியுமா? சொல்லு!"

அந்த ஒன்றை நான் நினைத்தே பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு அது பாட்டுப் பெட்டி இல்லை. மகன் பக்கத்தில் சூடாகிக்கொண்டிருக்கிற ஒரு பொருள், அவ்வளவுதான்.

கட்டில் கிறீச்சிட்டது. திரும்பினால், அண்ணன் முழங்கையை ஊன்றித் தானாக எழுந்து உட்கார்ந்திருந்தான். அதுவரைக்கும் ஆள் பிடிக்காமல் அவன் உட்கார்ந்ததில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எம்மா, ஷாக் அடிச்சதா? அத ஏம்மா நீ சொல்லல?"

"நீ ஒறங்கலையா?" என்றாள் அம்மா.

"நான் எங்க ஒறங்குனேன்? கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். சாக்கு போடுறது தெரியும். அதனாலதான் நிக்குதுன்னும் தெரியும். ஷாக் அடிக்கிறது தெரியாதும்மா, சத்தியமாத் தெரியாது."

நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "தெரிஞ்சும் ஏண்ணே எங்கிட்டச் சொல்லல? நான் பைத்தியக்காரி மாதிரி தலையப் பிச்சுக்கிட்டு அலைஞ்சேனே!"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு சொன்னான். "அது அடங்குன பெறகுதான், பாப்பா, அம்மா சோறு திங்குது. அதுவரைக்கும் தட்டுல கையே வைக்காது. அந்தப் பெட்டியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும். பாட்டா பெருசு? போகட்டும்னு விட்டுட்டேன்."

அம்மா சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அதிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அப்படியே அண்ணன் காலடியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணனும் அழுதான். கட்டுப் போட்ட கையால் அவனுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன். என் கண்ணை யார் துடைக்க?

பெட்டியை எடுத்துவிடலாம் என்றேன். அம்மாவே வேண்டாம் என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு யோசனை சொன்னாள். "கம்பெனில மருந்தையும் ஆளையும் ஒரே அறையிலயா வைக்காக? எடம் விட்டுத்தான வைக்காக? அது மாதிரி இதையும் அங்குட்டு வையி. நடுவுல செவரு இருக்கட்டும்."

அப்படியே செய்தோம். சுவரில் துளை போட்டு, பெட்டியை அடுத்த அறையில் நல்ல காற்றோட்டத்தில் செங்கல் மேல் வைத்தோம். ஒயரும் மவுஸும் மட்டும் இந்தப் பக்கம். வயரிங்காரர் வந்து பார்த்துவிட்டு, "எர்த்தே இல்லையே! இம்புட்டு நாளா எப்படித்தான் இருந்தீக?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்தப் பெட்டி ஒருநாளும் நிற்கவில்லை. ஃபேன் இரைச்சல்கூட இல்லாமல் பாட்டு முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது. மத்தியானம் அண்ணன் பாட்டை மாற்ற மாற்ற, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள். "ஏலே, அதப் போயி மாத்திட்டியே, நல்ல பாட்டுல்ல!" என்று அவனோடு சண்டை வேறு.

அண்ணன் தேறி எழுந்துவிட்டான். விரல்கள் முழுசாக மடங்காவிட்டாலும், இன்றைக்கு சொந்தமாக மொபைல் கடை வைத்திருக்கிறான், கடையில் எந்நேரமும் பாட்டுதான். அந்தப் பெட்டி எப்போதோ செத்துவிட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை, பரணில் இருக்கிறது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. சார்ஜ் போட்ட போனைப் பார்த்தால் இன்றைக்கும் புறங்கை தானாகப் போய் அதைத் தொட்டுப் பார்க்கும்.

எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தெரிந்தவர்கள் வீட்டில் கம்ப்யூட்டரோ டிவியோ காரணமில்லாமல் நிற்கிறது என்று கூப்பிட்டால், நான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால், இந்த வீட்டில் இதைப் பார்த்து யாராவது பயப்படுகிறார்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.