பேசிக்கொண்டே நடக்கிற அளவு

வண்டியை அவள் கையால் தள்ளுவதில்லை, இடுப்பால் தள்ளுகிறாள். ஏழு மாத வயிறு கைப்பிடிக்கும் அவளுக்கும் நடுவே வந்துவிட்டதால், பக்கவாட்டில் திரும்பி, இடது இடுப்பை முட்டுக்கொடுத்து நண்டு போல நகர்கிறாள். துவைத்து மடித்த விரிப்புகளும் துண்டுகளும் அவள் தலைக்கு மேலே அடுக்கியிருக்கின்றன. எதிரே வருகிறவர்களுக்கு வண்டி மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும், "வண்டி வருது, பின்னாடி ரெண்டு பேரு வர்றோம்" என்று குரல் கொடுப்பாள். ஓட்டல் ஆட்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்குவார்கள். அவள் சிரிப்பதில்லை, சிரிக்கிற மூச்சையும் தள்ளுவதற்கு வைத்துக்கொள்கிறாள்.

ஓட்டலின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'மடிப்பு' என்று பெயர். வண்டிக்கு வருவதற்கு முன் மடிப்பு மேசையில் இருந்தவள். அவள் மடித்த துண்டுகளை அடுக்கினால் ஓரம் ஒன்று வெளியே நீளாது. பெரிய விரிப்புக்கு மட்டும் எதிர்முனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பின்னால் போய் இழுத்து, முன்னால் வந்து முனை சேர்க்க வேண்டும். மடிப்பு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

அந்த நாற்காலியை அவள் தன் வாயாலேயே தொலைத்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "டாக்டரம்மா என்னை தினமும் நடக்கச் சொல்லியிருக்காங்க. நடந்தா பிரசவம் சுலபமா ஆகுமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் காதில் அது விழுந்தது. நல்ல மனுஷர், வினையே அதுதான். மறுநாள் காலை கூப்பிட்டார்.

"இனிமே நீ வண்டியப் பாத்துக்கம்மா. நடந்த மாதிரியும் ஆச்சு, வேலை பாத்த மாதிரியும் ஆச்சு. எனக்கும் சர்க்கரைதான். நட நடன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கறாரு. எனக்கு யாரு இப்படி வசதி பண்ணித் தர்றா?"

"பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதுவரை வண்டி தள்ளிய முட்டிவலிக்காரப் பெரியம்மாவுக்கு நாற்காலி போயிற்று. முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அதைப் பார்த்த பிறகு இவளுக்கு நாக்கு எழவில்லை.

மாடியில் தாழ்வாரம் முழுக்கக் கம்பளம். அதில் ஏறியதும் சக்கரம் சேற்றில் இறங்கிய மாதிரி இழுக்கும். ஒவ்வொரு அலமாரியிலும் நின்று, குனிந்து அடுக்கி, நிமிர்ந்து, மறுபடி தள்ள வேண்டும். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "நான் நல்லாத்தான் இருக்கேன். காலு ரெண்டும்தான் என்கூட டூ விட்டுடுச்சு" என்பாள். மாலையில் செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாகவும் மற்ற இடமெல்லாம் மேடாகவும் இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கணவன் தயாராக நிற்பான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பதால் அவனுக்கு நடை என்றால் கொண்டாட்டம். ஆஸ்பத்திரிக்கு அவன் உடன் வந்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்குப் பார்த்துத்தான் டாக்டர், "பேசிக்கிட்டே நடக்கற வேகம் போதும். பேச முடியலைன்னாலோ வயிறு இறுகினாலோ உட்காந்துடணும்" என்றார். அவன் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டான். தெருவில் இறங்கியதிலிருந்து திரும்பும்வரை வாய் ஓயாது. ஏறியவன், இறங்கியவன், வழி தெரியாமல் சண்டை போட்டவன் எல்லோருடைய கதையையும் சொல்லி, நடுநடுவே அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் "ம்" என்பாள். பேசுகிறாள் என்று கணக்கில் வைத்துக்கொண்டு இன்னொரு தெரு கூட்டிப்போவான்.

வண்டி தள்ளுவதை அவனிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே வேலையை விடு என்பான். விட்டால் அந்த ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

ஒருநாள் மாலை, "ம்" போட்டுத் தப்பிக்க முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டான்.

"பையன்னா கார் ஓட்டட்டும். பொண்ணுன்னா என்ன வேலை பாக்கட்டும், சொல்லு."

பக்கத்தில் அவள் இல்லை. திரும்பிப் பார்த்தான். மூடிய கடையின் கதவில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். வயிறு கல்லாக இறுகியிருந்தது.

"பொண்ணுன்னா..." மூச்சு வாங்கியது. "உட்காந்து பாக்கற வேலையா பாத்துக் குடுங்க."

கடைப்படியில் உட்கார வைத்தான். இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. அதற்குள் வண்டிக் கதை முழுக்க வெளியே வந்திருந்தது. அவன் குனிந்து அவள் கால்களைப் பார்த்தான்.

"அப்ப இத்தனை நாளா உன்னை நான் ரெண்டாம் ஷிஃப்டு நடக்க வெச்சிருக்கேனா?"

"ஓவர்டைம்ங்க."

"நாளைக்கு நான் வந்து உங்க சார்கிட்ட பேசறேன்."

"நீங்க வந்தா பேசமாட்டீங்க, கத்துவீங்க. நானே பாத்துக்கறேன்."

நேராக டாக்டரிடம் போனார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. "நீ உட்காந்து வேலை பாக்கறவள்னுதானே நடக்கச் சொன்னேன்? இனிமே பாரம் தள்ளக்கூடாதும்மா" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை சலவைக்கூடத்தில் அவள் வண்டியைத் தொடவில்லை. காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, மடிப்பு மேசைக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். பெரியம்மா பதறி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"உக்காருங்க பெரியம்மா. உங்க முட்டிய நான் கேக்கலை."

பெரியம்மா உட்கார்ந்து, தன் முன்னால் இருந்த குவியலில் பாதியை இவள் பக்கம் தள்ளினாள்.

கண்காணிப்பாளர் வந்தார். "என்னம்மா, டாக்டர் நடக்கச் சொன்னாங்கன்னு சொன்னியே?"

"நடந்தாச்சு சார். இனிமே வண்டி தள்ளக்கூடாதுன்னுட்டாங்க."

"அப்ப வண்டி?"

"துவைக்கற மெஷின்ல நிக்கறவங்க மாத்தி மாத்தித் தள்ளட்டும் சார். நடக்கறது யாருக்கும் நல்லதுதானே."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவள் குவியலிலிருந்து ஒரு பெரிய விரிப்பை உருவி, இரண்டு முனையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு முனையை அவர் பக்கம் நீட்டினாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அவர் வாங்கிக்கொண்டார். பின்னால் போய் இழுத்துப் பிடித்தார். அவள் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் காத்திருந்தாள். அவர் முனைகளோடு அவளை நோக்கி நடந்து வந்தார்.