கரண்ட் போன மத்தியானங்கள்

கரண்ட் போனால் முதலில் காதுக்குத்தான் தெரியும். காலையிலிருந்து தடதடத்துக்கொண்டிருந்த தையல் மெஷின்களெல்லாம் சட்டென்று அடங்கிவிட, பனியன் கம்பெனியை ஒட்டிய எங்கள் லைன் வீட்டில், முழுப்பரீட்சை லீவில் இருந்த நான் அப்பாவின் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். ஊரே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. முதலாளி அவசர ஆர்டருக்கு மட்டும்தான் ஜெனரேட்டர் போடுவார்.

அப்பா அந்தக் கம்பெனியில் டெய்லர். அம்மா அவருக்குக் 'கைமடி', அதாவது அவர் தைத்துத் தள்ளும் பனியன்களை எடுத்து மடித்து, பிசிர் நூல் வெட்டுபவள். மெஷின் ஓடும்வரை அப்பா டீ குடிக்கக்கூட எழமாட்டார். மெஷின் நின்றுவிட்டால் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியாது. வாசலுக்கு வருவார், உள்ளே போவார், ரேடியோவைத் திருகுவார், கடைசியில் "பொழுதே போகமாட்டீங்குது கண்ணு, செத்த 'கடை' வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்" என்பார். எங்கள் தெருவில் 'கடை' என்றால் பிராந்திக் கடை என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

அவருக்கு ஒரு துக்கமும் இல்லை, இதை நான் அடித்துச் சொல்வேன். யாரும் அவரை ஏமாற்றவில்லை, வீட்டில் சண்டை இல்லை, உடம்பில் நோவு இல்லை. சும்மா இருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதே நேரத்தில் அம்மா மீதிப் பனியன்களை வீட்டுக்கு எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிசிர் வெட்டுவாள், தண்ணீர் பிடிப்பாள், பாத்திரம் தேய்ப்பாள். உனக்குப் பொழுது போகிறதா என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

ஒருநாள் குடித்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தவர், கரண்ட் வந்ததும் பழைய வேகத்திலேயே மிதித்தார். ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து இறங்கிவிட்டது. அம்மாதான் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே எடுத்தாள். இன்னொரு முறை இப்படி வந்தால் மெஷினில் உட்கார விடமாட்டேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

கட்டு அவிழ்த்த வாரமே, கரண்ட் போய் வீட்டுக்கு வந்த அப்பா கடைக்குக் கிளம்பினார். அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, எனக்குந்தான் பொழுது போகல. நானும் வர்றனுங்க" என்று சேலையை உதறிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி அவர் பின்னாலேயே நடந்தாள். விளையாட்டென்று நினைத்த அப்பா கடைவரைக்கும் சிரித்துக்கொண்டேதான் வந்தார். அம்மா தேர்த்திருவிழாக் கடை பார்க்க வந்தவள்போல நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "இங்க என்னதானுங்க பொழுது போகுது? புள்ளைக்கும் காட்டுங்க" என்றாள். பிளாஸ்டிக் டம்ளரோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்பா அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்தார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பெருமை தாங்கவில்லை.

அதோடு திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார், பிறகு வேறு சந்து வழியாகப் போனார். இப்போது அந்த மின்வெட்டு இல்லை, மெஷின்கள் நிற்காமல் ஓடுகின்றன, கரண்ட் போய்த் தெருவில் கும்பலாக நிற்கும் டெய்லர்களைப் பார்க்கவே முடியாது. அப்பாவுக்கோ கரண்ட் இருந்தாலும் பொழுது போகாமல் ஆகியிருந்தது. ஈரல் கெட்டு, போன மாதம் போய்ச் சேர்ந்தார்.

காரியத்தன்று மூலனூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, "பாவம், மனசுக்குள்ள என்ன கஷ்டத்த வெச்சுக்கிட்டிருந்தானோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா. கரண்டு போச்சு, குடிச்சாரு. எனக்கும் அதே கரண்டுதானுங்க போச்சு."